மேய்ச்சல் மாட்டுக்கு மேல்தீனி: மக்காச்சோளமா, தவிடா, திப்பியா, குச்சித் தீவனமா?

காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கம் கொறங்காட்டுல, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டுல, மாடு மேச்சு பால் ஊத்துறவங்ககிட்ட மேல்தீனி என்ன வெக்கறீங்கன்னு கேட்டா ஆளுக்கு ஒரு பதில் வரும். பெரியவங்க பருத்திக்கொட்டைய விட்டா ஆகாதும்பாங்க, சொசைட்டில ஊத்துறவங்க குச்சித் தீவனம்பாங்க (கம்பெனில கலந்து குச்சியா அழுத்தி மூட்டைல வர்றது), பல்லடம் பக்கம்னா மக்காச்சோளம், சேலம் நாமக்கல்ல சொந்தம் இருந்தா திப்பி, அதான் மரவள்ளிச் சக்கை, லோடு இறக்கிருப்பாங்க. எதையும் தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஒரே தீனிய ஐப்பசிலயும் வெச்சு சித்திரைலயும் வெக்கிறாங்க பாருங்க, அங்கதான் காசு போகுது. காட்டுல புல்லு மாறிட்டே இருக்கு, தொட்டில மட்டும் அதே மூட்டை.

அதனால தீவனத்த பத்தி பேசறதுக்கு முன்னாடி புல்ல பத்தி பேசிரலாம். ஐப்பசி மழை பேஞ்சு கொழுக்கட்டைப்புல்லு தளுத்து வர்ற நேரத்துல அதுல புரதம் நல்லாவே இருக்கும், தண்ணியும் நிறைய இருக்கும், நூறு கிலோ பச்சைல எழுபத்தஞ்சு எண்பது கிலோ தண்ணிதான். மாடு வயிறு ரொம்ப மேஞ்சுட்டு வரும், ஆனா உள்ள போன காய்ஞ்ச எடை கம்மி. அப்ப மாட்டுக்கு பத்தாக்குறையா இருக்கறது புரதம் இல்லீங்க, எரிசக்தி, அதாவது மாவுச்சத்து. அதே புல்லு தை மாசி தாண்டி வெள்ளையா காஞ்சு நிக்கிறப்ப புரதம் 3, 4 சதவீதத்துக்கு எறங்கிரும். பெருவயித்துல (மாடு தின்னது மொதல்ல போயி ஊறிப் புளிக்கற பெரிய வயிறு) இருக்கற நுண்ணுயிருங்க வேலை செய்யவே மொத்த தீனில 7 சதவீதம் ஒட்டி புரதம் வேணும், அது இல்லன்னா நார அதுங்களால ஒடைக்க முடியாது, மாடு சாப்பிடறதையும் கொறைச்சுக்கும். அப்ப போய் வெறும் மக்காச்சோள மாவ கொட்டுனா பாதி வீண்தான். ஆக மழைக்காலத்துல மாவுச்சத்து, வெயில் காலத்துல மொதல்ல புரதம் அப்பறம் மாவுச்சத்து. நம்மாளுங்க நிறைய பேரு இத அப்படியே தலைகீழா பண்றாங்க, பச்சை இருக்கறப்ப புண்ணாக்கு, காஞ்சப்ப தவிட்டுத் தண்ணி.

பச்சை இருக்கற காலத்துல புரதம் கூடுனா என்ன நஷ்டம்னு கேக்கலாம். மிச்சப் புரதம் அம்மோனியாவா மாறி ஈரலுக்குப் போயி யூரியாவா மூத்திரத்துல வெளிய போயிரும், அத மாத்தறதுக்கே மாடு எரிசக்தி செலவு பண்ணணும். 20, 22 சதவீதம் புரதம்னு காசு குடுத்து வாங்குனத தரைக்கு ஊத்துற மாதிரிதான்.

இப்ப ஒரு கணக்கு போட்டு பாக்கலாம், கணக்கு போடாம தீவனம் பேசறதுல அர்த்தமில்ல. 400 கிலோ எடை இருக்கற ஜெர்சி கலப்பு மாடு, நம்ம பக்கம் சிந்துன்னு சொல்றமே அதுதான், ஒரு நாளைக்கு 10 லிட்டர் கறக்குதுன்னு வெச்சுக்குங்க. அது உசிரோட நிக்கவே சுமார் 3 கிலோ டி.டி.என் வேணும் (மொத்த செரிமானச் சத்துன்னு புத்தகத்துல போடுவாங்க, டாக்டருங்க டி.டி.என்னுதான் சொல்லுவாங்க), காட்டுல நடந்து மேயறதுக்கு ஒரு 400 கிராம் கூட, ஒரு லிட்டர் பாலுக்கு 330 கிராம் ஒட்டி. மொத்தம் 6.7 கிலோ. மழைக்காலத்துல நல்லா மேஞ்சா காய்ஞ்ச எடைல 7 கிலோ புல்லு உள்ள போகும், அதுல 4 கிலோ டி.டி.என் வந்துரும், ராத்திரிக்கு ரெண்டு கிலோ சோளத்தட்டு போட்டா இன்னொரு கிலோவுக்கு கொஞ்சம் கம்மி. ஆக 1.7, 1.8 கிலோதான் குறையுது. மக்காச்சோளத்துல கிலோவுக்கு சுமார் 800 கிராம் டி.டி.என் இருக்கு, ரெண்டு, ரெண்டேகால் கிலோ போதும். அதே குறைய குச்சித் தீவனத்துல அடைக்கணும்னா அதுல 650, 680 கிராம்தான், ரெண்டே முக்கால் கிலோ ஆகும்.

வெயில் காலத்துல அதே மாட்டுக்கு கணக்கு மாறிரும். காஞ்ச புல்ல 5 கிலோ தின்னா பெரிய விஷயம், அதுல 45 சதவீதம்தான் செரிக்கும், தட்டையும் சேத்து மூணரை கிலோ டி.டி.என் வந்தா அது உசிருக்கும் நடைக்கும் சரியாப் போச்சு. கறக்கற பால் மொத்தமும் தொட்டில நீங்க வெக்கிற தீனில இருந்துதான் வரணும், அதாவது அஞ்சு கிலோ ஒட்டி. பங்குனி சித்திரைல மேய்ச்சல்னு சொல்றதே மாட்ட காலாற நடக்க விடறதுக்குத்தான், வெள்வேலாங்காய் உதிர்ற காலமா இருந்தா அத பொறுக்கித் தின்னுட்டு வரும், அது ஒரு நல்ல லாபம்.

இனி ஒவ்வொண்ணா வரேன்.

மக்காச்சோளம்தான் எனக்கு மொத சாய்ஸ், பச்சை இருக்கற மாசங்கள்ல. மாவுச்சத்து 65, 70 சதவீதம், கோதுமை மாதிரி சடார்னு புளிக்காம மெதுவா ஒடையும், அதனால வயிறு கெடற ஆபத்து கொஞ்சம் கம்மி. புரதம் 8, 9 சதவீதம்தான், பச்சை இருக்கறப்ப அது குறையே இல்ல. ஆனா எப்படி அரைக்கிறீங்கங்கறதுல பாதி லாபம் இருக்கு. முழுசா போட்டா சாணில அப்படியே மஞ்சமஞ்சளா வரும், கோழிங்க பொறுக்கித் திங்கும், மாட்டுக்கு ஒண்ணும் சேராது. மில்லுல குடுத்து மைதா மாதிரி நைஸா அரைச்சா வேகமா புளிக்கும், மூக்குல ஏறி மாடு தும்மும், காத்துல பாதி போகும். ரவைக்கும் நொய்க்கும் நடுவுல, கையில எடுத்தா நெறுநெறுன்னு தெரியற பதம் போதும். மில்லுக்காரர்கிட்ட கோழித் தீவன ஜல்லடை எதுன்னு கேட்டு அத மாட்டச் சொன்னா கிட்டத்தட்ட சரியா வரும். வெலதான் பிரச்சனை, நாமக்கல் பல்லடம் கோழிப்பண்ணைங்க ஒரு பக்கம், இப்ப எத்தனால் ஆலைங்க இன்னொரு பக்கம், ரெண்டு பேருக்கும் நடுவுல நாம போயி வாங்கணும். சுண்ணாம்புச்சத்து இதுல சுத்தமா கம்மி, அதனால தாது உப்புக் கலவை 50 கிராமும் ஒரு பிடி உப்பும் இல்லாம மக்காச்சோளம் மட்டும் வெக்காதீங்க.

தவிடுன்னா ரெண்டு இருக்கு, கோதுமைத் தவிடு, அரிசித் தவிடு. கோதுமைத் தவிட்ட மாடு விரும்பித் தின்னும், சாணி எளகி வரும், கன்னு போட்ட மாட்டுக்கு மொத சில நாளைக்கு நல்லது, புரதம் 14, 15 இருக்கும், ஆனா எரிசக்திக்குன்னு பாத்தா மக்காச்சோளத்துக்கு கிட்ட வராது. வெலய எரிசக்திக்கு வகுத்துப் பாத்தா கோதுமைத் தவிடு பல சமயம் குச்சித் தீவனத்துக்கு சமமா போயி நிக்கும். வழக்கமா வெக்கிறோம்ங்கறத தவிர வேற காரணம் இல்லாம நிறைய வீட்ல இது ஓடிட்டிருக்கு.

அரிசித் தவிட்டுலதான் ஏமாத்து ஜாஸ்தி. மில்லுல இருந்து புதுசா வர்ற தவிட்டுல எண்ணெ 12ல இருந்து 18 சதவீதம் வரைக்கும் இருக்கும், நல்ல சத்துதான். எண்ணெ எடுத்த தவிடு வேற, அதுல புரதம் கொஞ்சம் கூட இருக்கும், எரிசக்தி ரொம்பக் கம்மி. ரெண்டயும் பாத்தவொடனே பிரிச்சுச் சொல்ல முடியாது, ஒரு பிடி எடுத்து உள்ளங்கைல வெச்சு நல்லா அழுத்துங்க, எண்ணெ இருக்கற தவிடு கட்டியா பிடிச்சு கையில பச ஒட்டும், எண்ணெ எடுத்தது பொலபொலன்னு கொட்டிரும். உமி அரைச்சு கலந்திருந்தா ஒரு டம்ளர் தண்ணில ஒரு ஸ்பூன் போட்டு கலக்கிவிட்டு கொஞ்ச நேரம் விடுங்க, உமித்தூள் மேல மிதக்கும், மண்ணு அடில போயி நிக்கும், நாக்குல வெச்சா நறநறங்கும். இன்னொண்ணு, புதுத் தவிடு சீக்கிரம் காறல் அடிச்சுரும், ஒரு வாரத்துக்கு மேல வெச்சுக்காதீங்க. மில்லு பக்கத்துல இருந்தா சரி, வாராவாரம் போயி ஒரு மூட்டை எடுக்கலாம், நாப்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தா விட்டுருங்க.

திப்பி. ஆத்தூர், சேலம், நாமக்கல், ராசிபுரம் பக்கம் மரவள்ளிக்கிழங்கு ஜவ்வரிசி ஆலைல மாவு எடுத்தது போக மிஞ்சற சக்கை. மாவு எடுத்த பின்னாடியும் அதுல பாதிக்கு மேல மாவுச்சத்துதான், அதனால வெலைக்கு எரிசக்தின்னு பாத்தா எல்லாத்தையும் விட சல்லிசா இதுதான் வரும். உதாரணத்துக்கு காஞ்ச திப்பி கிலோ 16 ரூபா, மக்காச்சோளம் 25, கோதுமைத் தவிடு 26, குச்சி 30ன்னு ஒரு வெல வெச்சுக்குங்க (உங்க ஊர் வெலய போட்டுப் பாத்துக்கணும்), ஒரு கிலோ டி.டி.என்னுக்கு திப்பில 24 ரூபா வருது, மக்காச்சோளத்துல 31, தவிட்டுல 40, குச்சில 45. இத மட்டும் பாத்தா எல்லாரும் திப்பி பக்கம் ஓடணும். ஆனா திப்பில புரதம் 2 சதவீதம் ஒட்டித்தான், ஒண்ணுமே இல்லன்னு வெச்சுக்கலாம். பச்சை நல்லா இருக்கறப்ப மக்காச்சோளத்துல பாதிக்கு பதிலா இத போடலாம், வெயில் காலத்துல புண்ணாக்கோ உளுந்தம்பொட்டோ கூட இல்லாம திப்பி மட்டும் வெச்சா மாடு இளைச்சுட்டே போகும், பால் இறங்கிட்டே போகும், ஏன்னு தெரியாம ஊசி போட்டுட்டு இருப்பாங்க. ஈரத் திப்பி வாங்குனா நீங்க லாரி வாடகை குடுக்கறது தண்ணிக்குதான், அதுவும் ரெண்டு நாள்ல பூசணம் பிடிக்கும். காஞ்சதுலயும் களத்துல மழை பட்டு காஞ்ச சரக்கு கருப்பு படிஞ்சு வரும், அத வாங்கவே வாங்காதீங்க, பூசண நஞ்சு மாட்டுக்கும் போகும் பாலுக்கும் போகும், இப்ப பால்ல அதையும் டெஸ்ட் பண்றாங்க.

குச்சித் தீவனத்த திட்டறது ஒரு ஃபேஷன் ஆயிருச்சு, நான் அப்படி சொல்ல மாட்டேன். ஐ.எஸ்.ஐ முத்திரை போட்ட மூட்டைன்னா மொத ரகத்துக்கு புரதம் 22 சதவீதம், ரெண்டாம் ரகத்துக்கு 20 சதவீதம் இருக்கணும்னு விதி, தாது உப்பும் கலந்தே வரும், மாடு பொறுக்கித் திங்க முடியாது, வேலைக்கு ஆள் இல்லாத வீட்ல பொம்பளைங்க மட்டும் பாத்துக்கற மாட்டுக்கு இத விட வசதி கிடையாது. காஞ்ச காலத்துல, மாசிலருந்து அடுத்த மழை வரைக்கும், என் பார்வைல இதுதான் சரி, கூட ஒரு கிலோ ஒன்றரை கிலோ மக்காச்சோளத்த சேத்துக்குங்க. ஆனா மூட்டை மேல எரிசக்தி எவ்வளவுன்னு பல பேரு போடறதே இல்ல, அந்த லேபிள்ல நார் சதவீதத்த பாருங்க, அது எவ்வளவு கூடுதோ அவ்வளவு எரிசக்தி கம்மின்னு வெச்சுக்கலாம்.

பருத்திக்கொட்டைக்கு நம்ம ஊர்ல ஒரு பக்தியே இருக்கு. ஊறவெச்சு ஆட்டி ஊத்துனா பால் கெட்டியா வரும்ங்கறது பொய்யில்ல, எண்ணெ 18, 20 சதவீதம், புரதமும் 20க்கு மேல, கொழுப்பு டிகிரி ஏறும். அளவுதான் விஷயம், ஒரு மாட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல போனா எண்ணெ பெருவயித்துல நார் செரிக்கறத கெடுக்கும், ஆட்டி ஊத்துறப்ப எண்ணெ ஒரேயடியா வெளிய வரும், முழுசா ஊறவெச்சு போட்டா மெதுவா வரும். கன்னுக்குட்டிக்கு குடுக்காதீங்க, அதுல இருக்கற காசிபால் நஞ்ச தாங்கற அளவுக்கு அதுக்கு பெருவயிறு வளர்ந்திருக்காது. வெலய பாத்தா இத எரிசக்தித் தீவனமா நினைக்கவே முடியாது, ருசிக்கும் டிகிரிக்கும் அரைக் கிலோன்னு வெச்சுக்கலாம்.

மொலாசஸ் (சர்க்கரை ஆலைல மிஞ்சற கரும்புப் பாகு) கிடைச்சா காஞ்ச தட்டு மேல தெளிச்சு திங்க வெக்கலாம், தீவனத்துல பத்துல ஒரு பங்குக்கு மேல வேண்டாம். பைபாஸ் கொழுப்பு (பெருவயித்துல கரையாம தாண்டிப் போற கொழுப்பு) மூட்டைய கடைக்காரர் எடுத்துக் காட்டுவாரு, அது கன்னு போட்டு மொத மூணு மாசம் 15, 20 லிட்டர் கறக்கற மாட்டுக்கு ஒரு நாளைக்கு 100, 150 கிராம்னு போடறது, எட்டு லிட்டர் கறக்கற மேய்ச்சல் மாட்டுக்கு அது தேவையில்லாத செலவு.

பாலோட ரேட்டுக்கும் இதுக்கும் உள்ள தொடர்ப சொல்லாம விட முடியாது. ஆவின்ல 2022 நவம்பர்ல பசும்பால லிட்டருக்கு 35 ரூபா ஆக்குனாங்க, 2023 டிசம்பர்ல 3 ரூபா ஊக்கத்தொகை சேந்துச்சு, ஆனா அது 4.3 கொழுப்பு 8.2 எஸ்.என்.எஃப் (பால்ல தண்ணியும் கொழுப்பும் போக மிச்சம் இருக்கற சத்து) இருந்தாத்தான், கம்மியா இருந்தா வெட்டுவாங்க. மழைக்காலத்துல பால் அளவு நல்லா இருக்கும், எஸ்.என்.எஃப் மட்டும் 7.8, 7.9னு நின்னுக்கும், உடனே தண்ணி கலந்துட்டாங்கன்னு பேச்சு வரும். பல நேரம் அதுக்குக் காரணம் மாடு எரிசக்தி பத்தாம இருக்கறதுதான், பெருவயித்து நுண்ணுயிருங்க வளந்தாத்தான் பால் புரதம் ஏறும், அதுங்க வளர மாவுச்சத்து வேணும். அப்ப ரெண்டு கிலோ மக்காச்சோளம் போட்டு ரெண்டு மூணு வாரம் பாருங்க, எஸ்.என்.எஃப் ஏறுறது தெரியும். கொழுப்பு வேற கதை, அது நாருல இருந்து வருது, மாவு கூடுனா கொழுப்பு எறங்கும். கொழுப்பு எறங்கி எஸ்.என்.எஃப் ஏறுனா மாவ கொஞ்சம் கொறைச்சு தட்ட கூட்டுங்க, ரெண்டுமே எறங்குனா மாடு மொத்தமா பட்டினி கெடக்குதுன்னு அர்த்தம்.

எவ்வளவு வெக்கிறதுங்கறதுக்கு புத்தகத்துல உடம்புக்கு ஒன்றரை ரெண்டு கிலோ, அப்பறம் ரெண்டரை லிட்டருக்கு ஒரு கிலோன்னு இருக்கும். கட்டிப்போட்டு தீனி வெக்கற மாட்டுக்கு அது சரி, மேய்ச்சல் மாட்டுக்கு அப்படியே வெச்சா அது புல்ல மேயாம மரத்தடில நிக்கும். தொட்டில ஒரு கிலோ தின்னா காட்டுல அரைக் கிலோ ஒட்டி காய்ஞ்ச எடைப் புல்ல கொறைச்சுக்கும், புல்லு எவ்வளவு நல்லா இருக்கோ அவ்வளவு கொறைக்கும். நியூசிலாந்து, அயர்லாந்து மாதிரி புல்லயே நம்பி பால் எடுக்கற நாடுகள்ல பண்ணின ஆராய்ச்சிலயும் நல்ல புல்லு மேல கிலோ தீவனத்துக்கு ஒரு லிட்டர் ஒட்டித்தான் கூடுது. மொத கிலோவுக்கு கூட வரும், நாலாவது கிலோவுக்கு அரை லிட்டர் வந்தா அதிசயம். அதனால சராசரிய பாக்காதீங்க, கடைசி கிலோவ பாருங்க. ஒரு கிலோ கூட்டி பத்து நாள் கழிச்சு அளந்து பாருங்க, கூடுன பாலோட காசு அந்த கிலோவோட வெலைக்கு மேல இருந்தா தொடருங்க, இல்லன்னா பழைய அளவுக்கே வந்துருங்க. இதுல ஒரே விதிவிலக்கு கன்னு போட்டு மொத ரெண்டு மாசம், அப்ப மாடு தின்றத விட கறக்கறது ஜாஸ்தி, உடம்புல இருக்கற கொழுப்ப கரைச்சுத்தான் பால் ஊத்தும், விலா எலும்பு எண்ணலாம்ங்கற நெலைக்குப் போனா அடுத்த பருவத்துக்கு வராது. அந்த நேரத்துல கணக்கு பாத்து கிள்ளுனா நாலு மாசம் சினை தள்ளிப்போயி மொத்தமா போயிரும்.

வெக்கிற விதத்துல ரெண்டு விஷயம் மட்டும். ஒரு வேளைக்கு ரெண்டு, ரெண்டேகால் கிலோவுக்கு மேல வேண்டாம், புதுசா ஆரம்பிக்கறப்ப அரைக் கிலோல இருந்து பத்து பதினாலு நாள்ல ஏத்துங்க. இன்னொண்ணு சோறு. மண்டபத்துல மிஞ்சுச்சுன்னு ஒரு அண்டா சோத்த கொண்டு வந்து மாட்டுக்கு கொட்டறது, மாட்டுப்பொங்கல் அன்னிக்கு பாசத்துல பொங்கல உருட்டி உருட்டி ஊட்டறது, அதுக்கு அடுத்த நாள் டாக்டருங்களுக்கு போன் மேல போன். அரிசி மாவுச்சத்து சில மணி நேரத்துல புளிச்சு வயித்துல அமிலம் ஏறும், மாடு அசை போடறத நிறுத்தும், இடது பக்க வயித்த அழுத்துனா தண்ணி தளும்பும், சாணி புளிச்ச வாடையோட தண்ணியா போகும், தள்ளாடும், படுத்துட்டா எழுப்பறது கஷ்டம். சோடா உப்பு கரைச்சு ஊத்தறது மொத உதவிதான், டாக்டர கூப்பிடறத தள்ளிப் போடாதீங்க. மக்காச்சோள மூட்டைய மாடு அவுத்துக்கிட்டு போயி தின்னாலும் இதே கதிதான், அதனால மூட்டை இருக்கற ரூமுக்கு கதவு வேணும்.

தண்ணி வசதி இருக்கறவங்களுக்கு இது எல்லாத்துக்கும் மேல ஒரு வழி இருக்கு, அரை ஏக்கர்ல மக்காச்சோளத்த கதிரோட சேத்து பாதி மாவு கட்டுற பதத்துல வெட்டி சைலேஜ் (காத்துப் புகாம அமுக்கி மூடி புளிக்க வெக்கற பச்சைத் தீவனம்) போட்டு வெச்சா கதிரு உள்ள இருக்கற மாவும் தட்டும் ஒண்ணா கெடைக்கும், வெயில் காலத்துக்கு அப்படியே ஆகும். புரதத்துக்கு வேலிமசால் தீவனச்செடி நாலு வரிசை. கொறங்காட்டுல கிணறு இல்லாதவங்களுக்கு இது பேச்சுக்குத்தான் ஆகும், அவங்களுக்கு வாங்கற தீவனத்த விட்டா வழி இல்ல.

வாங்கறதுல ஒரு சிக்கல், புரட்டாசிப் பட்டத்துல போட்ட மக்காச்சோளம் தை மாசில அறுவடைக்கு வரும், வெல எறங்குறது அப்பத்தான், ஆனா நமக்கு நிறைய வேணும்ங்கறது ஐப்பசி கார்த்திகைல. அதுவரைக்கும் எட்டு ஒம்பது மாசம் வெச்சிருக்கணும்னா வண்டும் பூசணமும் பாதிய எடுத்துக்கும், அதனால வருஷத்துக்கும் சேத்து வாங்கற யோசனை எனக்கு இல்ல. தைல வாங்கற சரக்க வெயில் காலத்துக்கு, குச்சியோட கலக்கற ஒரு கிலோ ஒன்றரை கிலோவுக்குன்னு கணக்கு பண்ணி நாலு மாசத்துக்கு வாங்குங்க. ஈரம் 12 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாது, பல்லுல கடிச்சா நறுக்குன்னு ஒடையணும், அமுங்குச்சுன்னா இன்னும் ரெண்டு வெயில் காய வெக்கணும். மூட்டைய தரையில வெக்காம பலகை போட்டு சுவத்த விட்டு ஒரு அடி தள்ளி அடுக்குங்க, அரைக்கிறது மட்டும் வாராவாரம் அரைச்சுக்கலாம். ஐப்பசிக்கு வேணும்ங்கறத அப்ப வர்ற வெலைக்கே வாங்கிக்கலாம், மூட்டைக்கு கொஞ்சம் கூடப் போனாலும் அப்ப ரெண்டு கிலோதான வெக்கப்போறீங்க.